அண்ணன் பெயரில் ஒரு லைக்கன்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். என் அண்ணி.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கதை எழுதுவது மிச்ச நேரத்தில். போன வருடம் ஓர் ஆய்விதழின் அச்சுப்படி என் மேஜைக்கு வந்தது. பாறைகளில் வளரும் ஒருவகை லைக்கன்களின் வகைப்பாட்டை மரபணுச் சான்றை வைத்துத் திருத்தி எழுதிய கட்டுரை. நாற்பத்தொரு பக்கம். எழுதியவர் அண்ணி. இருபத்தேழாம் பக்கத்தில், லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு, என் அண்ணன் பெயர் இருந்தது. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. ஓரத்தில் டிக் போட்டேன். அதற்குப் பிறகு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. மேலாளர் அந்தப் பக்கமாக வந்தவர், "என்ன சார், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போய், இதைக் கதையாக எழுதப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி," என்றார் அண்ணி. "நீ எழுதினா எல்லாரும் ரொம்ப நல்லவங்களா ஆயிடுவாங்க."

மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை ஒரு நிபந்தனை போட்டார். "சரி, எழுது. பொய் எழுதினா பக்கத்துலயே 'இது பொய்'னு எழுதிடு. எங்க வேலைல அப்படித்தான். சந்தேகமா இருந்தா கேள்விக்குறி போட்டுட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவோம்."

ஆகவே இந்தக் கதையில் சதுர அடைப்புக்குறி வருகிற இடத்திலெல்லாம் அண்ணி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி அந்த மலையை ஒரு போர்வையைப் போல—"

[பொய். அன்றைக்குப் பளீரென்று வெயில். அண்ணிக்கு மூக்கு நுனி தோலுரிந்துவிட்டதாம்.]

இரண்டாவது தொடக்கம்: "லைக்கன் என்பது ஒரே உயிர்போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும். பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். அன்பான ஒரு கணவனும் மனைவியும்—"

இதை நானே நிறுத்திவிட்டேன். குடித்தனம் வரைக்கும் உண்மைதான். அதற்கு மேல் போனால் லைக்கனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் விழுகிற பள்ளத்தில் நானும் விழுவேன். அண்ணி இந்த வரியைப் படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகைல போடறதுக்கா நாங்க ஆராய்ச்சி பண்றோம்?" என்றார்.

லைக்கனை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பழைய மதில், மரத்தண்டு, மைல்கல், இவற்றின்மேல் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வெள்ளையடிக்க வந்தவர் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாரோ என்று தோன்றும். பார்த்திருப்பீர்கள், உற்றுப் பார்த்திருக்க மாட்டீர்கள். அண்ணி உற்றுப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவர்.

மூன்றாவது தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மலைச்சாலை வளைவில், பாறையோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அண்ணி மண்டியிட்டிருந்தார். கண்ணில் கைலென்ஸ், பக்கத்தில் உளியும் சுத்தியலும். அப்போது அவர் அண்ணி இல்லை. காய்ந்த செடிகளையும் பாசிகளையும் காகித உறைகளில் போட்டுப் பெயரெழுதிப் பாதுகாக்கும் ஒரு காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதே சாலையை அகலப்படுத்த அளவெடுத்துக்கொண்டு வந்தான் என் அண்ணன். சாலை அளவையாளன். கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா.

"மேடம், கொஞ்சம் நகருங்க. பதினாலு போடணும்."

"எங்க போடணும்?"

"நீங்க மூஞ்சி வச்சிருக்கற இடத்துல."

"இங்க போட முடியாது. இதுல உயிர் இருக்கு."

அண்ணன் குனிந்து பார்த்தான். "அழுக்குங்க இது."

அண்ணி கைலென்ஸை நீட்டினார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருவான் என்று நினைத்தாராம். கால் மணி நேரம் தரவில்லை. வேலையாட்கள் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கடைசியில் நிமிர்ந்து, "ஓரமெல்லாம் மாவு தூவின மாதிரி இருக்குங்க," என்றான்.

அண்ணி அதுவரை அதைக் கவனிக்கவில்லை. லென்ஸைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். மாவு இருந்தது.

பதினாலு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி எழுதப்பட்டது. சாலைத்துறை வரைபடத்தில் அந்த வளைவு இன்றைக்கும் பத்து அங்குலம் தவறான இடத்தில்தான் இருக்கிறது.

[ஆறு அங்குலம்.]

3

இந்த இடத்தில் இரண்டு லைக்கன்களை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். லத்தீன் பெயர்களைச் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர்களையே சொல்கிறேன்.

கிண்ணி: எல்லோருக்கும் தெரிந்த பழைய லைக்கன். மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. மேலே குட்டிக்குட்டியாகப் பழுப்புக் கிண்ணங்கள் இருக்கும். நூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்துபோன ஒரு வெளிநாட்டுப் பயணி அதற்குப் பெயர் வைத்தார்.

மாவு: பதினாலாம் வளைவில் அண்ணன் பார்த்தது. கிண்ணமே கிடையாது. ஓரங்களில் மாவுதான்.

அண்ணி இரண்டையும் இரண்டு வருடம் ஒப்பிட்டார். நறுக்கிப் பார்த்தார், ரசாயனம் விட்டுப் பார்த்தார். மாவு ஒரு புதிய இனம் என்று எழுதினார். அந்த இரண்டு வருடத்துக்குள் எங்கள் வீட்டு மருமகளாகவும் ஆகியிருந்தார். புதிய இனத்துக்கு அண்ணன் பெயரை வைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணனோடு ஓர் இடத்துக்கும் போக முடியாது. முடிவெட்டுகிறவரிடம் சொன்னான். ரோடு ரோலர் ஓட்டுகிறவரிடம் சொன்னான். வங்கியில் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதிவிட்ட அதிகாரியிடம், "சார், அது சயின்ஸ்ல இருக்கற பேரு, பார்த்து எழுதுங்க," என்றான். அந்த அதிகாரி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு இந்தக் கதையில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ள ஒரே ஓர் இடம்தான் வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். சாலைத்துறை வேண்டாம் என்று கழித்த வரைபடங்களை அண்ணன் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவான். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அவற்றை லைக்கன் உறைகளாக மடிப்போம். ரேடியோ தானாகப் பாடிக்கொண்டிருக்கும். அண்ணன் கட்டைவிரல் நகத்தால் மடிப்பை ஒரே இழுப்பில் நீவுவான், சர்ரென்று ஒரு சத்தம். வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் நீலக்கோடுகள். "இதுக்குள்ள ஒண்ணரை கிலோமீட்டர் ரோடு இருக்கு," என்று சொல்லி ஓர் உறையை அண்ணியிடம் கொடுப்பான். உறையில் லேபிள் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அண்ணி சொல்லச் சொல்ல எழுதுவேன்: எந்த இடம், எந்தத் தேதி, எந்தக் கல். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து அண்ணன் முழங்காலுக்கு வரும்போது டீ போட யார் எழுந்திருப்பது என்று ஒரு சண்டை வரும். வாராவாரம் ஒரே சண்டை, ஒரே தோல்வி. நான்தான் போடுவேன்.

அப்படி ஒரு மத்தியானம் நான் கேட்டேன். "பாறைல ஒட்டின அழுக்குக்கு உன் பேரு. இதுல என்னடா அண்ணே பெருமை?"

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. "உன் கதைல வர்ற ஆளுங்க மாதிரியா? இது ஒட்டினா ஒட்டினதுதான்டா."

[அடிக்குறிப்பு: இப்போது அண்ணன்மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. இவன் ரொம்ப நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான். ஆகவே: அவன் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. கேரம் விளையாட்டில் தோற்கப்போகிறான் என்றால் போர்டில் கை தெரியாமல் பட்டுவிடும். எங்கள் அப்பாவின் கைக்கடிகாரத்தை எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு அவனே கட்டிக்கொண்டான். அதற்காக இரண்டு மாதம் நான் அவனோடு பேசவில்லை.]

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷூ நாடா கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இந்த வாக்கியத்தை நான் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். இது ஒன்றுதான் அடைப்புக்குறி இல்லாமல் தேறியது.

4

ஓய்வுபெற்ற பிறகும் அண்ணிக்குக் காப்பகத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். கிண்ணி, மாவு எல்லாம் சேர்ந்த அந்தப் பேரினம் முழுவதையும் மறுபடி வகைப்படுத்தித் தர வேண்டும். இந்தமுறை மரபணுவைப் படித்து.

அது என்ன வேலை என்று என் தொழிலை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் நாலே எழுத்துகளில் எழுதிய ஒரு நீண்ட பிரதி இருக்கிறது. இரண்டு உயிர்களின் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். எழுத்துகள் ஒத்துப்போனால் உறவு. நிறைய மாறினால் வேறு வேறு. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்ததெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

பிரதியை எடுத்துத் தருகிறவர் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். எல்லோரும் அவரைத் துளி என்று கூப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு திரவத்தைக் குழாயில் உறிஞ்சி விடுவது அவர் வேலை. பேச்சும் அதே அளவில்தான் வரும்.

பழைய உறைகளில் இருந்த மாவில் மரபணு எழுத்து மங்கியிருந்தது. புதிதாக எடுக்க அண்ணியும் நானும் பஸ் ஏறிப் பதினாலாம் வளைவுக்குப் போனோம். அண்ணிக்கு முழங்கால் மடங்கவில்லை. நான் மண்டியிட்டேன், அவர் மேலே நின்று சொன்னார். மாவை எடுத்தேன், கொஞ்சம் தள்ளி இருந்த கிண்ணியை எடுத்தேன். ஓரிடத்தில் மாவும் கிண்ணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்திருந்தன. எது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணி, இதுல கோடு எங்க?"

அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

அடுத்த நாளே அவற்றைத் துளியிடம் கொடுத்துவிட்டார்.

[பொய். இந்த வரியை அண்ணி பென்சிலால் அடித்துவிட்டு, "நாலு மாசம் டிராயர்ல வச்சிருந்தேன்," என்று எழுதியிருந்தார். இது எதற்கு அண்ணி என்று கேட்டேன். "எதுக்குன்னா, அதான் நடந்துச்சு. எல்லாத்தையும் கொடுத்தேன், பதினாலாம் வளைவு உறையை மட்டும் கொடுக்கல. கெமிக்கல் வரணும்னு துளிகிட்ட சொன்னேன். கெமிக்கல் அலமாரி நிறைய இருந்துச்சு." துளி ஒரு நாளும் கேட்கவில்லையாம். அந்த மேஜையைத் தாண்டும்போது நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகுமாம்.]

முடிவு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். துளி ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். கிளை கிளையாகப் பிரியும் ஒரு வம்சாவளிப் படம்.

"டாக்டர், மலை மாவும் மலைக் கிண்ணியும் ஒண்ணுதான். வித்தியாசமே இல்ல."

"சமவெளிக் கிண்ணி?"

"அது வேற. ரொம்ப வேற."

அதாவது, வேறு வேறு என்று அண்ணி பிரித்த இரண்டும் ஒரே லைக்கன். ஒரே ஆள் சில காலம் தாடியோடும் சில காலம் மழித்தும் இருப்பதுபோல, அது சில பாறைகளில் கிண்ணம் வைக்கிறது, சில பாறைகளில் மாவு விடுகிறது. ஒன்று என்று நூற்று முப்பது வருடம் எல்லோரும் நம்பிய மலைக் கிண்ணியும் சமவெளிக் கிண்ணியும்தான் இரண்டு.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுச் சமையலறையில் நான் ஒரு வக்கீலாக மாறினேன்.

"மாவை இந்தக் கட்டுரைலேர்ந்து விட்டுட்டா என்ன? யாருக்குத் தெரியும்?"

"துளிக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"சரி, சமவெளிக் கிண்ணி இப்ப புதுசுதானே. அதுக்கு அண்ணன் பேரை வச்சிடுங்க."

"முடியாது. ஒரு பேரினத்துல ஒருதடவை வச்ச பேரு செல்லாமப் போனாலும் அதை இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாது. விதி."

"என்ன அண்ணி விதி இது."

"நல்ல விதிதான். இல்லன்னா ஆளாளுக்கு விடாம புருஷன் பேரை வச்சுக்கிட்டே இருப்பாங்க." சிரித்தார். பிறகு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

5

ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. அண்ணியே அதைச் சொன்னார், சொல்ல மனமில்லாமல்.

பெயர் விஷயத்தில் மூத்தது ஜெயிக்கும். கிண்ணி என்ற பழைய பெயர் யாருக்குச் சொந்தம் என்பது, அந்தப் பயணி அன்றைக்குக் கையில் எடுத்த லைக்கன் எங்கே வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. அவர் மலையிலிருந்து எடுத்திருந்தால், மலை லைக்கனுக்குப் பழைய பெயர். அண்ணன் பெயர் செல்லாது. சமவெளியிலிருந்து எடுத்திருந்தால், பழைய பெயர் சமவெளிக்குப் போய்விடும். மலை லைக்கனுக்கு மிச்சமிருக்கும் ஒரே பெயர் அண்ணனுடையது. மாவு மட்டுமில்லை, மலையிலிருக்கும் கிண்ணிகள் அத்தனையும் அண்ணன் பெயருக்கு வந்துவிடும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"உக்காரு," என்றார் அண்ணி. "அவர் மலைக்கும் போனார், சமவெளிக்கும் போனார். லேபிள்ல 'பாறையில்'னு ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கார். எந்தப் பாறைன்னு எழுதல. உன்னை மாதிரி ஒரு ஆள் கூட இருந்திருந்தா எழுத வச்சிருப்பார்."

பயணியின் உறை தூரதேசத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. அண்ணி கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து, அரை விரல்நகம் அளவு ஒரு துண்டைப் பஞ்சில் வைத்து அனுப்பினார்கள். துளி மூன்று முறை முயன்றார்.

"எழுத்தே இல்ல டாக்டர். பொடிப்பொடியா உதிர்ந்திருக்கு."

[அடிக்குறிப்பு: பழைய மாதிரி இப்படி ஊமையாகிவிட்டால், வகைப்பாட்டை எழுதுகிறவரே ஒரு புதிய உறையைத் தேர்ந்தெடுத்து, இனிமேல் பழைய பெயருக்கு அர்த்தம் இதுதான் என்று அறிவிக்கலாம். மலை உறையையோ சமவெளி உறையையோ அண்ணி கைநீட்டி எடுத்தால் போதும், யாரும் தப்புச் சொல்ல முடியாது. நான் இதைக் கேட்டதும் அண்ணி, "அந்த அதிகாரம் எனக்கு வேண்டாம். நான் அவர் பொண்டாட்டி. வேற யாராவது எடுக்கட்டும்," என்றார். அப்படி எடுக்க வேண்டி வரவில்லை. ஏன் என்பது அடுத்த பத்தியில்.]

துளி போகாமல் நின்றார். "டாக்டர், அந்தத் துண்டோட அடிப்பக்க நாருல ஒரு கல்லு சிக்கியிருந்துச்சு. மணல் அளவு. அரைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துத் தனியா வச்சேன்."

"தூக்கிப் போடலையா?"

"நீங்கதான் எதையும் போடக் கூடாதுன்னு சொல்லுவீங்க."

அண்ணி எழுந்து அலமாரியைத் திறந்தார். சமவெளிக் கிண்ணி உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து லேபிள் படித்தார். பெரும்பாலும் என் கையெழுத்து. சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல். அறுபத்திரண்டு உறைகளிலும் அதுவே. மலை உறைகளில் ஒன்றில்கூடச் சுண்ணாம்புக்கல் இல்லை. அந்த மலையில் கிடைப்பது கடினமான கருங்கல் மட்டும்தான்.

சுண்ணாம்புக்கல்லில் ஒரு துளி ஆசிட் பட்டால் பொங்கும். கருங்கல்லில் பட்டால் ஒன்றும் ஆகாது. குளியலறை கழுவுகிற எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ: "துளி திரும்பிப் போய், அந்தக் கல் இருந்த கண்ணாடித் தட்டைக் குழாயடியில் காட்டினார். தண்ணீர் ஓடியது. 'டாக்டர், கல்லைக் காணோம்,' என்றார், அண்ணியின் கண்ணைப் பார்க்காமல்."

[பொய். துளி இதைப் படித்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்குத் தெரியவே நாலு நாள் ஆனது.]

முடிவு ஆ: "குமிழிகள் கிளம்பின. ஒன்று, இரண்டு, பிறகு நுரைநுரையாக. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மலை முழுவதும்—"

[பொய். எனக்கு மிகவும் பிடித்த பொய். ஆறு பக்கம் எழுதினேன்.]

முடிவு இ என்று எதுவும் இல்லை. நடந்தது இதுதான்.

கல்லை நுண்நோக்கியின் அடியில் வைத்தார்கள். பகல் பதினொன்றரை மணி. பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அண்ணி கண்ணை வைத்தார். துளி குழாயை எடுத்தார். நுண்நோக்கியில் ஒருவர்தான் பார்க்க முடியும். ஆகவே நான் பார்த்தது அண்ணியின் பின்கழுத்தையும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பிடித்திருந்த இடது கையையும்.

"விடு," என்றார்.

துளி விட்டார்.

தட்டச்சுச் சத்தம் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனது.

"குமிழி வரல," என்றார் அண்ணி. தலையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொரு துளி விடு."

விட்டார்.

"வரல. நீ பாரு துளி."

துளி பார்த்தார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"தம்பி, நீயும் பாரு. மூணு பேர் பார்த்ததா இருக்கட்டும்."

நான் குனிந்தேன். வெளிச்ச வட்டத்தின் நடுவில், இரண்டு துளி ஆசிட்டுக்குள், குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல அந்தக் கல் உட்கார்ந்திருந்தது. நான் அன்றைக்கு ஒரு குமிழியாவது பார்த்ததாகச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். சொல்லியிருந்தால் அண்ணி இன்னொரு முறை பார்த்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த இன்னொரு முறையை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்ல அண்ணி," என்றேன்.

"அப்ப சரி. மலைலதான் எடுத்திருக்கார்."

கல்லைக் கழுவி, உலர்த்தி, ஒரு குட்டி உறையில் போட்டார். உறைமேல் என்ன எழுத வேண்டும் என்று எனக்குச் சொன்னார்.

7

இனி எழுத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முழுதாக எழுத மாட்டேன்.

முதலாவது: கட்டுரை வெளியாகிவிட்டது. சமவெளிக் கிண்ணிக்கு அண்ணி புதிய பெயர் வைத்தார். சுண்ணாம்பில் குடியிருப்பது என்று லத்தீனில் அர்த்தம். "இந்தத் தடவை ஆள் பேரு வேண்டாம்," என்றார். மலை லைக்கனுக்குப் பயணி வைத்த பழைய பெயரே நின்றது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், ஒரு சமக்குறிக்குப் பக்கத்தில் என் அண்ணன் பெயர் இருக்கிறது. முன்பு இப்படியும் அழைக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். அந்த மணல் கல்லுக்கும் ஒரு வரி உண்டு. அதைப் பத்திரப்படுத்தியவர் என்று துளியின் முழுப்பெயரையும் போட்டிருக்கிறார்.

இரண்டாவது: குமிழி வராத அன்று மத்தியானம் அண்ணியும் நானும் காப்பகத்து வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். அண்ணி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "முப்பது வருஷமா உங்க அண்ணன் பேரைத் தப்பான இடத்துல வச்சிருந்திருக்கேன். இதைப் போய் அவர்கிட்ட சொன்னா என்ன சொல்வார் தெரியுமா?" என்று கேட்டு, அவரே சொன்னார். அப்படியே அண்ணன் குரலில். நானும் சிரித்தேன். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை. அண்ணிக்குச் சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது, நான் அவர் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டோம்.

அண்ணி அவன் குரலில் சொன்னதை எழுதக் கூடாது என்பது அவர் கட்டளை. அது பொய்யாக இருந்தால் அடைப்புக்குறி போட்டு எழுதலாம். பொய்யில்லை. ஆகவே எழுதவில்லை. அண்ணனை உங்களுக்கு இவ்வளவு தூரம் காட்டியிருக்கிறேன். என்ன சொல்லியிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகம் என்னுடையதைவிட நன்றாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மூன்றாவது: மாவின் முதல் உறை, அதாவது அண்ணன் பெயருக்கு ஆதாரமான உறை, காப்பகத்தில் சிவப்புக் கோடு போட்ட அலமாரியில் இருக்கிறது. வகைப்பாடு மாறினால் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் கையெழுத்துலயே இருக்கட்டும்," என்றார்.

"பழைய லேபிளைக் கிழிச்சிடறதா?"

"கிழிக்கறதா? யாரும் எதையும் கிழிக்க மாட்டோம். அது பாட்டுக்கு இருக்கும். பக்கத்துல புதுசு ஒட்டுவோம்."

அவர் சொல்ல, நான் எழுதினேன். அண்ணன் பெயர், சமக்குறி, பயணி வைத்த பெயர், தேதி, அண்ணியின் முதலெழுத்து. என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே மிகச் சின்னது. எழுதி முடித்து, சீட்டின் அடியை ஓரமாகக் கத்தரிக்கப் போனேன்.

"வெட்டாத," என்றார் அண்ணி. "கீழ ரெண்டு விரல் இடம் விடு."

"எதுக்கு அண்ணி?"

"எனக்கு அப்புறம் யாராவது பார்த்துட்டு, இந்தம்மா சொன்னதும் தப்புன்னு எழுத வேண்டாமா?"

பிழை திருத்துகிறவன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். இந்தக் கதையில் நான் போடவில்லை. கீழே இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். அண்ணனையோ அண்ணியையோ துளியையோ நான் தப்பாகப் பார்த்திருந்தால், ஒன்றாக இருந்ததை இரண்டாகவோ இரண்டாக இருந்ததை ஒன்றாகவோ எழுதியிருந்தால், அங்கே எழுதுங்கள். தேதி போடுங்கள். என்னுடையதைக் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் ஒட்டினால் போதும்.